டிரெட்மில் சொல்வதெல்லாம் உண்மையா?

இன்று பணம் கட்டி ஜிம்மில் சேர்ந்து "டிரெட்மில்"லில் ஓடுகிறோம். 200 ஆண்டுகளுக்கு முன்பு அதில் ஏற வேண்டுமானால் ஒருவர் திருடியிருக்க வேண்டும். அல்லது அடிதடியில் இறங்கியிருக்க வேண்டும். ஏனென்றால் டிரெட்மில் அப்போது சிறைச்சாலையில்தான் இருந்தது!

இங்கிலாந்தில் வில்லியம் கியூபிட் என்று ஓர் என்ஜினீயர் இருந்தார். சிறையில் கைதிகள் சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. 1818-ம் ஆண்டில் அவர்களுக்காக ஒரு ராட்சதச் சக்கரத்தைச் செய்து கொடுத்தார். சக்கரத்தின் வெளிப்புறம் முழுவதும் படிகள் இருக்கும். கைதிகள் வரிசையாக நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, படியில் கால் வைப்பார்கள். உடல் பாரத்தால் படி கீழே இறங்கும். அடுத்த படியில் கால் வைக்க வேண்டும். அதுவும் இறங்கும். நாள் முழுவதும் ஏறிக்கொண்டே இருக்கலாம். ஓர் அடி உயரம்கூடப் போக முடியாது.

லண்டனில் பிரிக்ஸ்டன் சிறையில் 1821-ம் ஆண்டு வைத்த சக்கரம் தானியம் அரைத்தது. "டிரெட்" என்றால் மிதிப்பது. "மில்" என்றால் அரைக்கும் ஆலை. பெயர் வந்த கதை இதுதான். சில சிறைகளில் சக்கரம் எதையுமே அரைக்கவில்லை. கைதியைக் களைக்க வைப்பதற்காக மட்டும் அது சுற்றியது. பிரபல எழுத்தாளர் ஆஸ்கார் ஒயில்டு 1895-ம் ஆண்டு சிறைக்குப் போனபோது அவரும் அதை மிதித்தார். 1898-ம் ஆண்டு புதிய சிறைச் சட்டம் வந்த பிறகுதான் இந்தக் கொடுமை ஒழிந்தது.

அப்படிப்பட்ட தண்டனை, வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது எப்படி? அதற்கும் ஓர் என்ஜினீயர்தான் காரணம்.

வீட்டுக்கு வந்த எந்திரம்

அவர் பெயர் வில்லியம் ஸ்டாப். அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்தவர். எந்திரங்கள் பற்றிப் படித்த என்ஜினீயர். சொந்தத் தொழிற்சாலை வைத்திருந்தார்.

1968-ம் ஆண்டில் கென்னத் கூப்பர் என்ற டாக்டர் ஒரு புத்தகம் எழுதினார். அவர் அமெரிக்க விமானப் படையில் பணியாற்றியவர். "வாரத்தில் நாலைந்து நாள், ஒரு மைல் தூரத்தை 8 நிமிடத்தில் ஓடுகிறவர்களின் உடல் நல்ல நிலையில் இருக்கும்" என்பது அவருடைய கருத்து. ஒரு மைல் என்பது ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர். அந்தப் புத்தகத்தை ஸ்டாப் படித்தார்.

ஓடுவது நல்லதுதான். ஆனால் நியூஜெர்சியில் குளிர்காலத்தில் பனி கொட்டும். பனியில் எங்கே ஓடுவது? ஆஸ்பத்திரிகளிலும் ஆராய்ச்சிக் கூடங்களிலும் ஓடும் எந்திரங்கள் இருந்தன. அவை பெரியவை, விலையும் அதிகம். குடும்பஸ்தர் வாங்கி வீட்டில் வைக்கும்படியான எந்திரம் எதுவும் இல்லை.

ஸ்டாப் தாமே ஒன்றைச் செய்தார். வரிசையாக உருளைகள், மேலே ஒரு பெல்ட், அதைச் சுற்ற ஒரு மோட்டார், வேகத்துக்கும் நேரத்துக்கும் திருகுகள். அவ்வளவுதான். அதை டாக்டர் கூப்பருக்கு அனுப்பினார். கூப்பருக்குப் பிடித்துவிட்டது. முதல் வாடிக்கையாளர்களைத் தேடிக்கொடுத்ததோடு, தொழிலுக்குப் பணமும் போட்டார். "பேஸ்மாஸ்டர்" என்ற பெயரில் அந்த எந்திரம் விற்பனைக்கு வந்தது.

ஸ்டாப் 2012-ம் ஆண்டு ஜூலை மாதம் காலமானார். அப்போது அவருக்கு வயது 96. கடைசி சில மாதங்கள் வரை அவர் தம்முடைய எந்திரத்தில் ஏறிக்கொண்டுதான் இருந்தார்.

ஸ்டாப் செய்த முதல் எந்திரம் அதிகம் பேசவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வேகம், நேரம் இரண்டோடு நிறுத்திக்கொண்டது. இன்றைய எந்திரங்கள் அப்படி இல்லை. எத்தனை கலோரி எரித்தீர்கள், இருதயம் எப்படித் துடிக்கிறது என்றெல்லாம் சொல்கின்றன. கையில் கட்டிய கடிகாரமோ, "உங்கள் உடலுக்கு இத்தனை வயதுதான்" என்று ஜோசியம்கூடச் சொல்கிறது!

இவற்றில் எதை நம்புவது?

தராசும் கையும்

எந்த எந்திரத்தைப் பார்த்தாலும் ஓர் என்ஜினீயருக்கு முதலில் தோன்றும் கேள்வி ஒன்று உண்டு. "இந்த எண்ணை எந்திரம் அளந்து சொல்கிறதா, ஊகித்துச் சொல்கிறதா?"

கடைக்காரர் கத்தரிக்காயைத் தராசில் நிறுத்து "அரை கிலோ" என்கிறார். இன்னொருவர் கையில் தூக்கிப் பார்த்து, "அரை கிலோ இருக்கும்" என்கிறார். இரண்டு பேரும் சொன்னது அரை கிலோதான். ஆனால் இரண்டும் ஒன்றாகுமா?

நாம் பார்க்கும் எந்திரங்களில் தராசும் இருக்கிறது, கையும் இருக்கிறது. இரண்டும் ஒரே கண்ணாடித் திரையில், ஒரே அளவு எழுத்தில் ஒளிர்வதுதான் தொல்லை. பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. எந்திரத்தைச் செய்தவருக்குத் தெரியும். அதை அவர் திரையில் எழுதிவைக்கலாம். எழுதுவதில்லை! "ஏறத்தாழ" என்ற ஒரு சொல்லைப் போட்டால் என்ன குறைந்துவிடும்? விற்பனை குறையும் என்ற பயம்தான் காரணம் என்று எண்ணத் தோன்றுகிறது.

மோட்டார் ஓடுகிறதா, மனிதன் ஓடுகிறானா?

டிரெட்மில்லைப் பற்றிப் பலருக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது. "பெல்ட்டே காலைப் பின்னால் இழுத்துவிடுகிறது. பாதி வேலையை மோட்டார் செய்துவிடுகிறது. இதில் ஓடுவது எப்படி உண்மையான ஓட்டம் ஆகும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் ஒரு ரெயிலில் இருக்கிறது.

ஒரு ரெயில் நிலையத்தை விட்டு மெதுவாகப் புறப்படுகிறது. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில், ஒரே சீராகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் ஒருவர், ரெயிலின் பின்பக்கம் நோக்கி அதே 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறார். பிளாட்பாரத்தில் நிற்பவர் பார்த்தால் என்ன தெரியும்? ரெயில் முன்னால் போகிறது. நடப்பவரோ ஒரே தூணுக்கு எதிரே அப்படியே இருக்கிறார்!

ரெயிலின் தரைதான் டிரெட்மில்லின் பெல்ட். நடப்பவர் நகராமல் இருப்பது பிளாட்பாரத்தில் நிற்பவரின் கண்ணுக்குத்தான். அவருடைய கால்களைக் கேட்டால், வழக்கம்போல் நடந்தோம் என்றுதான் சொல்லும். அதே பெட்டியில் முன்பக்கம் நோக்கி நடந்தாலும் களைப்பு அவ்வளவே. சீரான வேகத்தில் போகும் தரையில் நடப்பதும், நிற்கும் தரையில் நடப்பதும் உடலுக்கு ஒன்றுதான். மோட்டார் பெல்ட்டை நகர்த்துகிறது, மனிதனை நகர்த்தவில்லை. சந்தேகம் இருந்தால், ஓடும் டிரெட்மில்லில் கால் எடுத்து வைக்காமல் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். (யோசிப்பதோடு நிறுத்திக்கொள்ளவும்!)

ஒரு வித்தியாசம் உண்டு. அது காற்று. வெளியில் ஓடுகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு ஓட வேண்டும். அறைக்குள் அந்த எதிர்ப்பு இல்லை. 1996-ம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோன்ஸ், டவுஸ்ட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களை ஓடவைத்து, அவர்களுக்குச் செலவான பிராண வாயுவைக் கணக்கிட்டார்கள். டிரெட்மில்லை 1 சதவீதம் சாய்த்து வைத்தால், அதாவது 100 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம் கொடுத்தால், வெளியில் ஓடுவதற்குச் சமமாகிறது என்று கண்டார்கள்.

இது வேகமாக ஓடுகிறவர்களுக்கான கணக்கு. நடக்கிறவர்களுக்கும் மெதுவாக ஓடுகிறவர்களுக்கும் காற்றின் எதிர்ப்பு மிகக் குறைவு. அவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் காற்று இல்லாததால் வேர்வை உலராது, உடல் சூடேறும். எதிரே ஒரு மின்விசிறி அவசியம்.

மிக முக்கியமான தவறு வேறொன்று. பலர் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, அதன் மேல் சாய்ந்தபடி நடக்கிறார்கள். அப்படிச் செய்தால் உடல் பாரத்தில் ஒரு பகுதியைக் கை தாங்கிக்கொள்கிறது. காலுக்கு வேலை குறைகிறது. எந்திரத்துக்கு இது தெரியாது. முழு வேலை செய்ததாகவே அது கணக்கு எழுதும். தடுமாற்றம் உள்ள முதியவர்கள் பிடித்துக்கொள்ளட்டும். அவர்களுக்குக் கணக்கைவிட விழாமல் இருப்பதுதான் முக்கியம். மற்றவர்கள், பிடிக்காமல் நடக்க முடியவில்லை என்றால், வேகத்தைக் குறைப்பதே சரி.

பெல்ட்டை அளக்கலாம்

டிரெட்மில் காட்டும் வேகம் தராசு வகையைச் சேர்ந்தது. உருளை எத்தனை முறை சுற்றுகிறது என்பதை எந்திரம் எண்ணுகிறது. ஆனால் தராசும் பழுதாகும் அல்லவா? பெல்ட் தளர்ந்திருக்கலாம், ஆள் ஏறியதும் வழுக்கலாம். அது சரியாக இருக்கிறதா என்று வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மெக்கானிக் வேண்டாம்.

எந்திரத்தை நிறுத்தி, மின்சார இணைப்பைத் துண்டித்துவிட்டு, பெல்ட்டின் ஓரத்தில் சாக்பீசால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் தொடங்கி, பெல்ட்டைக் கையால் நகர்த்தி, ஒரு முழுச் சுற்று எத்தனை மீட்டர் என்று டேப்பால் அளந்து கொள்ளுங்கள். 3 மீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது எந்திரத்தை 6 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவிட்டு ஒருவர் நடக்கட்டும். இன்னொருவர் பக்கவாட்டில் தள்ளி நின்று, ஒரு நிமிடத்தில் அந்தக் கோடு எத்தனை முறை வருகிறது என்று எண்ணட்டும். எண்ணுவது கஷ்டமாக இருந்தால் செல்போனில் படம் பிடித்துப் பிறகு எண்ணலாம். 30 முறை வந்தால், 30-ஐ 3-ஆல் பெருக்க 90 மீட்டர். ஒரு நிமிடத்துக்கு 90 மீட்டர் என்றால் ஒரு மணிக்கு 5,400 மீட்டர், அதாவது 5.4 கிலோமீட்டர். எந்திரம் காட்டுவதோ 6! பத்தில் ஒரு பங்கு பொய்.

பொய்யானால் என்ன? குடி முழுகிவிடாது. தினமும் அதே எந்திரத்தில் நடப்பவருக்கு, நேற்றைவிட இன்று கூடுதலா குறைவா என்பது தெரிந்தால் போதும். ஆனால் போட்டிக்குத் தயாராகிற பையனோ பெண்ணோ அந்த எண்ணை நம்பி மைதானத்தில் இறங்கினால் ஏமாற்றம்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இந்தச் சோதனையை அவர்களிடமே விட்டுவிடலாம். பெருக்கல் கணக்கு படிந்துவிடும்.

10 ஆயிரம் எங்கிருந்து வந்தது?

இனிக் கைக்கடிகாரத்துக்கு வருவோம். "இன்று 10 ஆயிரம் அடி நடந்துவிட்டேன்" என்று சொல்லாதவர்கள் இப்போது குறைவு. அந்த 10 ஆயிரத்தைச் சொன்ன டாக்டர் யார்?

எந்த டாக்டரும் அல்ல. ஜப்பானில் 1964-ம் ஆண்டு டோக்கியோ நகரில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. உடற்பயிற்சி ஆசை நாடெங்கும் பரவியிருந்த நேரம். மறு ஆண்டு, 1965-ல், யமாசா என்ற கம்பெனி, இடுப்பில் மாட்டிக்கொண்டால் அடிகளை எண்ணும் ஒரு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு "மன்போ-கெய்" என்று பெயர் வைத்தார்கள். ஜப்பானிய மொழியில் "10 ஆயிரம் அடி மானி" என்று அர்த்தம். வாயில் நன்றாக வந்த பெயர் உலகத்துக்கே சட்டமாகிவிட்டது!

உண்மையில் எத்தனை அடி வேண்டும்? அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐ-மின் லீ என்ற பெண் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 2019-ம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். 16,741 பெண்களின் நடையை அவர்கள் கருவி கட்டி எண்ணினார்கள். அந்தப் பெண்களின் சராசரி வயது 72. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே மரணம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500 அடி வரை பலன் கூடியது. அதற்கு மேல் நடந்தவர்களுக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை.

நடந்ததால்தான் பிழைத்தார்களா, நல்ல உடம்பு உள்ளவர்கள் இயல்பாகவே கூடுதலாக நடந்தார்களா என்பதை இந்த ஒரு கணக்கை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. இருந்தாலும், 4 ஆயிரம் அடிதான் முடிகிறது என்று சோர்ந்து போய் உட்கார்ந்துவிடும் பாட்டிமாருக்கு இது நல்ல செய்தி.

அடிகளை எண்ணுவதில் கடிகாரம் பெரும்பாலும் யோக்கியன். உள்ளே இருக்கும் ஒரு சிறு சில்லு, கை வீச்சை உணர்ந்து எண்ணுகிறது. கை வீசாவிட்டால் ஏமாந்துவிடும். டிரெட்மில் கைப்பிடியைப் பிடித்தபடி நடந்தாலும், குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தாலும் எண்ணிக்கை குறையும். உட்கார்ந்த இடத்தில் கையை ஆட்டினால், அதையும் அடியாகச் சேர்த்துக்கொள்ளும் கடிகாரங்கள் உண்டு.

பச்சை விளக்கு

இருதயத் துடிப்பைக் கடிகாரம் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கடிகாரத்தைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். பச்சை விளக்கு மின்னும். இரத்தம் பச்சை ஒளியை விழுங்கும் தன்மை உடையது. இருதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் மணிக்கட்டில் இரத்தம் சற்றுக் கூடுகிறது. திரும்பி வரும் ஒளி குறைகிறது. துடிப்பு அடங்கும்போது ஒளி கூடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தைக் கடிகாரம் எண்ணுகிறது. நல்ல யுக்திதான்!

ஆனால் ஓடும்போது கை ஆடுகிறது. கடிகாரமும் ஆடுகிறது. ஆட்டத்தாலும் ஒளி கூடிக் குறைகிறது. ஓடுகிற ஒருவர் நிமிடத்துக்கு 160 அல்லது 170 அடி வைப்பார். வேகமாக ஓடும்போது இருதயமும் ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் துடிக்கக்கூடும். இருதயத்தை எண்ண வேண்டிய கடிகாரம், சில சமயம் காலை எண்ணத் தொடங்கிவிடுகிறது! நிதானமாக ஓடுகிறவரைப் பார்த்து "170" என்று பயமுறுத்துகிறது. வார் தளர்வாக இருந்தால் இந்தக் குழப்பம் அதிகம். மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே, நகராதபடி கட்டினால் குறையும்.

மார்பில் கட்டும் பட்டை இதைவிடத் துல்லியமானது. இருதயத்தில் பிறக்கும் மின்சாரத்தையே அது நேராகப் பிடிக்கிறது. கம்பி இல்லாத அந்தக் கருவி பின்லாந்து நாட்டில் பிறந்தது. ஓலு பல்கலைக்கழகத்தில் மின்னணுப் பேராசிரியராக இருந்த செப்போ சய்னாயாகங்கஸ் 1977-ம் ஆண்டில் "போலார்" என்ற கம்பெனியைத் தொடங்கினார். பனியில் சறுக்கி ஓடும் வீரர்களின் இருதயத் துடிப்பை ஓட்டத்தின் நடுவிலேயே அறிய வேண்டும் என்பது அவருடைய ஆசை. 1982-ம் ஆண்டில் மார்புப் பட்டையிலிருந்து கைக்கடிகாரத்துக்குச் செய்தி அனுப்பும் கருவி வெளிவந்தது.

சரி, துடிப்பு தெரிந்துவிட்டது. எவ்வளவு வரை போகலாம்? ஜிம் சுவரில் ஒரு கணக்கு எழுதியிருப்பார்கள். 220-லிருந்து வயதைக் கழிக்க வேண்டுமாம். 60 வயதுக்காரர் என்றால் 160. அதுதான் உச்சமாம்.

இந்தக் கணக்கு ஃபாக்ஸ், ஹாஸ்கெல் என்ற இரு அமெரிக்க நிபுணர்கள் 1970-ம் ஆண்டுவாக்கில் சொன்னது. அப்போது கிடைத்த சில ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து, பொதுவாக ஒரு கோடு போட்டார்கள். ஒவ்வொரு மனிதனுக்கும் பொருந்தும் விதி என்று எண்ணிப் போட்டதல்ல. 2001-ம் ஆண்டில் தனாகா என்பவரும் குழுவினரும் இன்னும் விரிவாக ஆராய்ந்து வேறு கணக்குச் சொன்னார்கள். வயதை 0.7-ஆல் பெருக்கி, 208-லிருந்து கழிக்க வேண்டும். 40 வயதுக்கு இரண்டு கணக்கிலும் 180 வரும். 70 வயதுக்குப் பழைய கணக்கில் 150. புதிய கணக்கில் 159. எந்தக் கணக்கானாலும், ஒரே வயதுள்ள இரண்டு பேருக்கு இடையே 10, 20 துடிப்புகள் வித்தியாசம் இருப்பது சகஜம்.

இரத்த அழுத்தத்துக்கும் இருதயத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அந்த மாத்திரைகளில் சில, இருதயத் துடிப்பையே குறைத்து வைப்பவை. உடல் எவ்வளவு சிரமப்பட்டாலும் துடிப்பு ஏறாது. கடிகாரம் "இன்னும் வேகம் வேண்டும்" என்று தூண்டும். அதைக் கேட்டு வேகத்தைக் கூட்டுவது ஆபத்து. அவர்களுடைய அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கடிகாரமே இல்லாத சோதனை ஒன்றும் இருக்கிறது. நடக்கும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிகிறதா? பாட்டுப் பாட முடியவில்லையா? அப்படியானால் அது மிதமான பயிற்சி. அந்த அளவில் வாரத்துக்கு 150 நிமிடமாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பேச்சே வராமல் மூச்சு வாங்கினால் அது கடுமையான பயிற்சி.

கலோரிக் கதை

எந்திரம் சொல்லும் எண்களிலேயே மோசமானது கலோரிதான். இது முழுக்க முழுக்கக் கையில் தூக்கிப் பார்த்துச் சொல்லும் கணக்கு.

2017-ம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில், கையில் கட்டும் 7 வகைக் கருவிகளை 60 பேருக்குக் கட்டிச் சோதித்தார்கள். இருதயத் துடிப்பில் 7-ல் 6 கருவிகள் தேறின. தவறு 5 சதவீதத்துக்குள் இருந்தது. கலோரியில் ஒன்றுகூடத் தேறவில்லை. இருப்பதிலேயே நல்ல கருவி 27 சதவீதம் தவறு செய்தது. மோசமான கருவியின் தவறு 93 சதவீதம்!

காரணம் எளிது. உடலில் எரியும் கலோரியை மணிக்கட்டில் அளக்க வழி இல்லை. உயரம், எடை, வயது, கை வீச்சு, துடிப்பு இவற்றைச் சேர்த்துப் பெருக்கி ஒரு விடை சொல்கிறது. சில டிரெட்மில்கள் உங்கள் எடையைக்கூடக் கேட்பதில்லை. கேட்காமல் எப்படிக் கணக்குப் போடுகிறது? தயாரித்தவர் மனதில் நினைத்த யாரோ ஓர் ஆளின் எடையைப் போட்டுக்கொள்கிறது. 50 கிலோ எடையுள்ள அம்மாள் நடந்தாலும், 90 கிலோ எடையுள்ள அய்யா நடந்தாலும் ஒரே கலோரி காட்டினால், அது யாரோ ஒருவரை ஏமாற்றுகிறது என்றுதான் அர்த்தம்.

வேண்டுமானால் மனக்கணக்கு ஒன்றை வைத்துக்கொள்ளலாம். ஒரு கிலோ எடை ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். 60 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் 300. வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் இதில் பெரிய மாற்றம் இல்லை. நடந்தால் இதைவிடக் குறையும். இதுவும் ஊகம்தான், ஆனால் ஊகம் என்று தெரிந்த ஊகம். "எந்திரம் 500 காட்டியது" என்று திரும்பும் வழியில் வடையும் பாயசமும் சாப்பிடுகிறவருக்கு, உடம்பு ஏன் இளைக்கவில்லை என்ற வருத்தம் மட்டும் மிச்சமாகும்.

தூரம் பற்றியும் இரண்டு வார்த்தை. வெளியில் ஓடும்போது கடிகாரம் "ஜி.பி.எஸ்." செயற்கைக் கோள்களைக் கேட்டுத் தூரத்தைச் சொல்கிறது. அவை ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கின்றன. செய்தி வந்துசேரும் நேரத்தில் 10 லட்சத்தில் ஒரு வினாடி பிசகினாலும் 300 மீட்டர் பிழையாகிவிடும். அவ்வளவு நுட்பமான வேலை அது! திறந்த மைதானத்தில் சில மீட்டர் பிழையோடு சரியாகச் சொல்லும். உயர்ந்த கட்டிடங்களுக்கு நடுவே தடுமாறும். டிரெட்மில்லில் ஏறினால் செயற்கைக் கோளால் பயனே இல்லை. ஒரு மணி நேரம் ஓடினாலும் ஆள் அதே இடத்தில்தானே இருக்கிறார்! அப்போது கடிகாரம் கை வீச்சைப் பார்த்துத் தூரத்தை ஊகிக்கிறது. எந்திரமும் கடிகாரமும் இரு வேறு தூரம் காட்டுவது அதனால்தான். பெல்ட்டை அளந்து பார்த்தவர்கள் எந்திரத்தின் பக்கம் தீர்ப்புச் சொல்லலாம்.

ஆஸ்பத்திரி டிரெட்மில்

நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் "டி.எம்.டி." என்று ஒரு சோதனை செய்கிறார்கள். அதுவும் டிரெட்மில்தான். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து இருதய நிபுணர் ராபர்ட் புரூஸ் வகுத்த முறையையே பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள். முதல் 3 நிமிடம் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம்; 10 சதவீத ஏற்றம். அடுத்த 3 நிமிடம் 4 கிலோமீட்டர், 12 சதவீதம். இப்படி 3 நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் ஏற்றமும் கூடும். மார்பில் இ.சி.ஜி. கம்பிகள் ஒட்டியிருக்கும். இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

ஜிம்மில் ஓடுவதையும் இதையும் ஒன்றாக எண்ணக்கூடாது. "தினமும் அரை மணி ஓடுகிறேன், கடிகாரம் பச்சையாகத்தான் காட்டுகிறது, எனக்கு இருதயக் கோளாறு வராது" என்று ஒருவர் நினைத்தால், அவர் கடிகாரம் சொல்லாததைக் கேட்டுக்கொள்கிறார். ஓடும்போது நெஞ்சில் இறுக்கமோ, தோளிலும் தாடையிலும் வலியோ, தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும். திரையில் என்ன எண் இருந்தாலும் சரி. டாக்டரிடம் போக வேண்டும். குடும்பத்தார் "கடிகாரம் சரியாகத்தானே காட்டுகிறது" என்று காத்திருக்கக் கூடாது.

குழந்தைகள் இருக்கும் வீட்டில்

வாங்கிய டிரெட்மில் சில மாதங்களில் துணி காயப்போடும் கொடியாக மாறிவிடுவது பல வீடுகளில் நடப்பதுதான். அதனால் பணம் மட்டும்தான் நஷ்டம். ஓடும் டிரெட்மில்லின் பக்கத்தில் குழந்தை இருந்தால் நஷ்டம் வேறு.

2021-ம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் பெலட்டான் என்ற கம்பெனி தன்னுடைய ஒரு வகை டிரெட்மில்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஏறத்தாழ 1 லட்சத்து 25 ஆயிரம் எந்திரங்கள்! ஆட்களும் குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் பொருட்களும் எந்திரத்தின் பின்பக்க அடியில் இழுக்கப்பட்டதாக 72 புகார்கள் வந்திருந்தன. அவற்றில் 29 புகார்கள் குழந்தைகள் காயம் அடைந்தது பற்றியவை. 6 வயதுக் குழந்தை ஒன்று இறந்தே போனது. அரசாங்கப் பாதுகாப்புத் துறை எச்சரித்தபோது கம்பெனி முதலில் ஏற்கவில்லை. பிறகுதான் பணிந்தது, மன்னிப்பும் கேட்டது.

எந்தக் கம்பெனி எந்திரமானாலும் பெல்ட் ஒன்றுதான். பின்பக்கம் உருளைக்குள் பெல்ட் நுழையும் இடத்தில் சிறு விரல் சிக்கினால் தோல் உரிந்துவிடும். எந்திரத்தின் பின்னால் 2 மீட்டராவது காலி இடம் வேண்டும். சுவரை ஒட்டி வைத்தால், தவறி விழுகிறவர் சுவருக்கும் ஓடும் பெல்ட்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்வார். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து ஓடுகிறவருக்கு, பின்னால் தவழ்ந்து வரும் குழந்தை தெரியாது. அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஓடுவது நல்லது.

எந்திரத்தின் முன்பக்கம் பெரும்பாலும் சிவப்பு நிறத்தில், கயிற்றோடு ஒரு சாவி இருக்கும். அதன் மறுமுனையைச் சட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஆள் தவறினால் சாவி கழன்று எந்திரம் நின்றுவிடும். சாவி இல்லாவிட்டால் எந்திரம் புறப்படவே புறப்படாது. ஓடி முடித்ததும் அதைக் கழற்றி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஓர் ஆணியில் மாட்டுங்கள். பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.